நொரை வராத பானை

...இல்லைங்க மச்சான், குளுருதாங்க! வேற என்ன இருக்கு சொல்லுங்க? குளுருதான். இந்த மார்கழி மாதிரி ஒரு மார்கழிய நான் பாத்ததில்ல. வெட்டவெளியில நிக்கிற பானை என்ன செய்யும், பாவம்? அதுக்குப் போத்திக்கத் தெரியுமா? எந்திரிச்சு அடுப்பங்கிட்டுப் போயி ஒக்காரத் தெரியுமா?

நீங்க கறங்க, கறங்க. கறக்குறத நிறுத்தாதீங்க. நான் இப்பிடி ஒரல்ல குந்திக்கிறேன். நீங்க பேசவே வேணாம். போன மார்கழியிலேருந்து எங்கிட்டப் பேசுறதில்லைன்னு இருக்கீங்க, இருந்துட்டுப் போங்க. நடுவுல ஒங்க தங்கச்சி மருதாயிதான், பாவம், தபால்காரி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் அலையுறா. “அண்ணன் ஏர் கேட்டுச்சு”, “இவுக நாளைக்குங்கிறாக.” அதுக்குச் சம்பளமும் கெடையாது. அதான் இன்னிக்கி நானே வந்துட்டேன். நான் பேசுறேன். நீங்க கறங்க.

விசயம் இவ்வளவுதாங்க. வெள்ளிக்கெழமை கருப்பருக்குப் படையல். இன்னிக்கிப் புதன். சாமிக்குடி புளிக்கப் போடுற பானை இந்த வருசம் எங்க வீட்டு மொறை. பானையில நொரை இல்ல.

அம்புட்டுத்தான். ஆனா அம்புட்டுமா?

ஒங்களுக்குத் தெரியாததா மச்சான்! சாமியாடி கருப்பையா கையை உள்ள விட்டு எடுப்பாரு. மணிக்கட்டு வரைக்கும் நொரை ஒட்டிக்கிட்டு நிக்கணும். நிக்கலன்னா அந்த வீட்டுக்கு மொறை இல்ல, அடுத்த வீட்டுக்குப் போயிரும். போனா போனதுதான். எங்கய்யா இருவது வருசம் கோயில் வாசல்ல நின்னு வாங்குன மொறைங்க அது. நான் ஒரு மார்கழியில தொலச்சுட்டேன்னா ஊரு என்னத்தப் பேசும்? அடுத்த வீடு யாரு? நாகராசு! அவன் இப்பவே எங்க வேலியோரம் நடக்கிறான். ஒரு நாளைக்கு நாலு தடவ. “என்னண்ணே, சாமிப்பானை சொகமா?”ன்னு கேக்குறான். பிரசவத்துக்கு நாள் கேக்குற மாதிரி!

ஏன் வெளியில வச்சேன்னு நெனப்பீங்க. வீட்டுக்குள்ள வச்சா ஒங்க தங்கச்சி வெளிய போயிருவா. “சோத்த அழுக வச்சு நொரைக்க விடுற பண்டம் என் அடுப்படிக்கு வரக்கூடாது”ன்னுட்டா. சாமிக்குடின்னேன். “அப்ப சாமி வீட்டுல வைங்க”ங்கிறா. சரி, அது ஒண்ணு. ரெண்டாவது, மதுவிலக்கு. எட்டு வருசமா ஊருல ஒரு சொட்டுக் கெடையாதுன்னு சர்க்காரு சொல்லுது. நானோ கெணத்துக்குக் காலரா மருந்து போடுற மேஸ்திரி, சர்க்காரு சம்பளம். வீட்டுக்குள்ள அகப்பட்டா வேலை போச்சு. வைக்கப்போருக்குப் பின்னால அகப்பட்டா, யாரு பானையோன்னு நானும் அவுகளோட சேந்து ஆச்சரியப்பட்டுக்கலாம்ல?

அதனால வைக்கப்போருக்குப் பின்னால. வெட்டவெளி. பனி.

மொத தடவை, பழைய சோறு, கஞ்சித்தண்ணி, எல்லாம் அளவாப் போட்டு வாயக் கட்டி வச்சேன். நாலு நாளு. தொறந்து பாத்தா, போட்ட சோறு போட்ட மாதிரியே கெடக்கு. என்னையப் பாக்குது. சரி, குளுருன்னு சுத்தி நெருப்பு போட்டேன். லேசாத்தான் மச்சான், உமி நெருப்பு! அதுல என்னாச்சு, புளிக்க வேண்டியது வெந்துருச்சு. அடிப்பிடிச்ச வாடை. கருப்பருக்குக் கூழு காச்சுன மாதிரி ஆயிப்போச்சு.

ரெண்டாந்தடவை புதுசாப் போட்டேன். நெருப்பு வேணாம், ஒடம்புச் சூடுதான் நல்லதுன்னு யோசிச்சு, வெள்ளாட்ட அது பக்கத்துலயே கட்டுனேன். ஆடு படுத்தா சூடு இருக்கும்ல? யோசனை நல்ல யோசனைதான். பானையச் சுத்தி வைக்கல் பிரி சுத்தியிருந்தேன், அதை மட்டும் மறந்துட்டேன். விடியக்காலம் போயிப் பாத்தா பானை அம்மணமா நிக்குது, ஆடு அசைபோடுது.

சிரிக்கிறீங்களா? இல்ல, இருமலா? சரி சரி, இருமலுதான்.

அப்ப நெனச்சேன், நாம ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்ல, குருட்டாம்போக்குல செய்யக் கூடாதுன்னு. ஆசுபத்திரி கம்பவுண்டர்கிட்ட காச்சக் குழாய எரவலு வாங்கிட்டு வந்தேன். மனுசனுக்கு நாக்குக்கு அடியில வைக்கிறது. அதைப் பானையில முக்கி, நிமிசம் எண்ணி, எடுத்துப் பாத்தா பாதரசம் ஏறவே இல்ல. ஒரு கோடு கூட ஏறல! மனுசனா இருந்தா பொணம்னு எழுதி அனுப்பிச்சிருப்பாக. அப்பத்தான் எருக்குழி ஞாபகம் வந்துச்சு. சாணியும் குப்பையும் மக்குற எடத்துல கையை விட்டா சுள்ளுங்குதுல்ல? அங்கிட்டுத் தோண்டி, கழுத்து வரைக்கும் பொதைச்சு வச்சேன். மூணாம் நாளு குழாய விட்டா தொண்ணூத்தெட்டரை! அசல் மனுச ஒடம்பு! நல்லா இருக்கிற மனுசன்! நான் ஆடாத கொறை.

தொறந்தா... நொரை இல்ல.

வாசம் கூட இல்லைங்க மச்சான். ஒரு ஈ வரல. ஈ! எருக்குழியில! மத்த நாளா இருந்தா மேஸ்திரிக்குப் பெருமை, ஈ இல்லாத குப்பைக்குழின்னு மேலதிகாரிக்கு எழுதிப் போடலாம். இப்ப ஈ வரலன்னு கண்ணுல தண்ணி வருது.

இதுல முந்தாநாளு மதுவிலக்குக்காரவுக ரெண்டு பேரு வந்துட்டாக. கொளத்தூரு ரோட்டுலேருந்து சைக்கிள்ள. ஒருத்தரு நேரா எருக்குழிக்கு வந்து குனிஞ்சு, “என்ன இது?”ன்னாரு. “மாட்டுக்குக் கழனித்தண்ணிங்க”ன்னேன். வாயக் கட்டுன துணியை வெலக்கி மோந்து பாத்தாரு. ரெண்டு தடவ மோந்து பாத்தாரு. “ஆமா, கழனிதான்”ன்னு சொல்லிட்டு, சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு.

சந்தோசப்படணும்ல? எனக்கு அன்னிக்கிச் சோறு எறங்கல. சர்க்காரே பாத்து, சாராயம் இல்ல, கள்ளு இல்ல, கழனின்னு சொல்லிருச்சு. கருப்பரு வேற என்ன சொல்லப் போறாரு?

சவுக்காரத்தக் கரைச்சு நொரை காட்டலாமான்னு கூட... இல்லைங்க, முழுசாக் கேளுங்க! நெனச்சேன், செய்யல. கருப்பரு மன்னிச்சாலும் மன்னிப்பாரு. ஆனா குடிக்கப் போறது கருப்பையா. அவருக்கு வயித்தால போனா மருந்து குடுக்குறது யாரு? நானுதான?

அதனால சொல்றேன், இந்தக் குளுரு இருக்குல்ல, இது...

என்ன மச்சான், கறக்குறத நிறுத்திட்டீங்க? பால் இன்னும் இருக்கு, மடி இறுகிக்கிட்டு நிக்குது பாருங்க.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

...ஆமா. ஒங்க வீட்டுல போன வருசம் இருந்த பானைதான். அதேதான். கருப்பையா கொண்டாந்து குடுத்தாரு. ஆமா, போன வருசமும் மார்கழிதான். குளுருதான். ஒங்க வீட்டுல நொரை வந்துச்சு. வெளிய வழிஞ்சுது. தெரியும்ங்க. நானும் நின்னுக்கிட்டுத்தான இருந்தேன்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியுதுங்க. பானை வந்ததும் என்ன செஞ்சேன்னுதான?

...கழுவுனேங்க.

சும்மா தண்ணியில இல்ல. கெணத்துக்குப் போடுற பவுடரு. ரெண்டு கை. தேங்கா நாரு வச்சுத் தேச்சேன். அடியில மண்டி காஞ்சு வெரக்கடை கனத்துக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதை அருவா நுனியால செதுக்கி எடுத்தேன். வெயில்ல காய வச்சேன். திரும்ப ஒரு கை போட்டேன். பானை வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆயிருச்சு. மருதாயி கூட வந்து பாத்து, “இது நல்லா இருக்கே”ன்னா. அவ நல்லா இருக்குன்னு சொன்னப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்.

நேத்துச் சாயங்காலம்தான் பொறி தட்டுச்சு. அந்த மண்டியில இருந்ததுதான் அம்புட்டையும் புளிக்க வச்சிருக்கு. எத்தனை வருசத்து மண்டியோ! ஒவ்வொரு வீடும் ஒண்ணுஞ் செய்யாம கட்டித் தொங்க விட்டுத்தான் வச்சிருந்தீங்க. நான் ஒருத்தன்தான் வேலை செஞ்சேன்.

குளுரு இல்லைங்க மச்சான். நான்தான்.

அப்பறம்... அதையும் சொல்லிடுறேன். போன வருசம் கோயில்ல, அம்புட்டுச் சனத்துக்கு முன்னால, ஒங்க பானைக்குள்ள எட்டிப் பாத்து, “இது பூரா கிருமி, மருந்து போட்டு மூடணும்”னு சொன்னேன்ல. ஒங்களுக்கு மூஞ்சி செவந்து போச்சு. நான் அதைத் தப்புன்னு ஒத்துக்கல, ஒரு வருசமா ஒத்துக்கல. இப்பவும் கிருமிதான் மச்சான், அது மாறாது. ஆனா அது நம்ம கிருமின்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

ஒங்க பரண் மேல ஒரு கலயம் இருக்கு. முட்டுவலிக்குன்னு வச்சிருக்கீங்கள்ல, அதுதான். நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க ஆபீசுக்கும் தெரியாது. அதுல அடிமண்டி ஒரு அகப்பை குடுத்தீங்கன்னா, இன்னிக்கே சோத்துல கலந்து எருக்குழிச் சூட்டுல வச்சா, வெள்ளிக்குள்ள பொங்கிரும். பொங்கலன்னா என் மொறையை நானே நாகராசு கையில குடுத்துடுறேன். கேக்கத்தான் வந்தேன். ஆடு கதை, குழா கதை எல்லாம் சும்மா. கேக்கத் தைரியம் வரணும்ல.

மச்சான்? எங்கிட்டுப் போறீங்க? மச்சான்!

...போயிட்டாரு. கறந்த பாலக் கூட எடுக்கல. என்ன பசு ஆத்தா, நீ என்ன பாக்குற? ஒனக்கு என்ன, நீ ஒரு வருசம் மண்டி சேத்து வைக்க வேணாம். நான் சொன்னதுல எது கோவம் வந்துருச்சு? கிருமியா? முட்டுவலியா?

அட! வந்துட்டாரு. கலயத்தோட! வாங்க, வாங்க மச்சான்... ஆகா, வாடை! வாடைன்னா இது வாடை! ஒரு நிமிசம் இருங்க, சொம்பு கொண்டாந்திருக்கேன், வழியில தூசி பட்டிருக்கும், இந்தத் தொட்டித் தண்ணியில ஒரு அலசு அலசிட்டு...

யாத்தே! என்னா கத்து! பசு மெரண்டு போச்சு பாருங்க! சரிங்க, கழுவல. கழுவல! தொடைக்கக் கூட மாட்டேன். ஊத்துங்க. இன்னும் கொஞ்சம்... போதும், போதும். கொமிழி விடுது மச்சான், பாருங்க, உசுரு இருக்கு!

ஒரு வருசத்துக்கு அப்பறம் என்கிட்ட வாயத் தொறந்து சொன்னது “கழுவாதடா, மடையா!” சரி, போகட்டும். வாரேன். அண்ணன் பேசிட்டாருன்னு மருதாயிகிட்ட ஓடிப்போயிச் சொல்லணும். என்ன சொன்னாருன்னு கேப்பா... அதை வெள்ளிக்கெழமைக்கு அப்பறம் சொல்லிக்கிறேன்.