வாளியில் கிழமை எழுதச் சொன்ன ஞானபூரணி அம்மையார்

தலைமை தாங்கும் ஆசிரியர் சீனிவாசகம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! வேலை முடிந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் தாயில்பட்டித் தாய்மார்களே! முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருக்கும் கம்பெனி மேனேஜர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம். இன்று எனக்கு இனிமையாகப் பேச வராது.

நம் பட்டாசுக் கம்பெனி டிஸ்பென்சரியின் நர்ஸ் ஞானபூரணி அம்மையாரை இழந்துவிட்டோம். அவருக்குக் கீழே கம்பவுண்டராக இருந்தவன் நான். வெந்த கைகளுக்கு அவர் கட்டுப் போடுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன். அந்த அம்மையார் என்ன கேட்டார்? சம்பள உயர்வா? பதவியா? வெடிமருந்துக் கலவை வாளியில், அது கலந்த நாளை ஜனங்கள் வாசிக்கும்படி எழுதுங்கள் என்றார். அவ்வளவுதான்!

அன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். மீந்த கலவையில் ஈரம் ஏறினால் எமன். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பெனி வாளியில் என்ன எழுதியது? 63226! அறுபத்து மூன்றாம் ஆண்டின் இருநூற்று இருபத்தாறாவது நாளாம். யாரய்யா இந்த ஊரில் அப்படி நாள் எண்ணுகிறார்கள்?

கலவை ஷெட்டில் வேலை பார்க்கும் சண்முகத்தாய் அப்போதே சொன்னாள்: "நர்ஸம்மா, ஆடி இத்தனை, இன்ன கெளமைன்னு போட்டா எங்களுக்கு வெளங்கும்."

அம்மையார் மேனேஜரிடம் போனார். "ஆபீஸ் கணக்குக்கு நம்பர்தாம்மா வசதி. எளுதுறதுக்குத் தனியா ஆள் போடச் சொல்றீகளா?" என்று பதில் வந்தது. அம்மையார் தாமே பெயிண்ட் வாங்கி எழுதினார். வாளி அசிங்கமாகிறதென்று அதையும் அழித்தார்கள்! அழித்த கை கூசவில்லையா?

சுதந்திர தினம், மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. ஜனமெல்லாம் இருக்கன்குடிக் கோயிலில். இரண்டு நாள் கம்பெனி பூட்டு. சனிக்கிழமை காலை, புதன்கிழமை மீந்த வாளி புது வாளிகளோடு நின்றது. எது 63226, எது 63229? சண்முகத்தாய் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். ஷெட் தீப்பற்றியது. அம்மையார் உள்ளே பாய்ந்து அவளை வெளியே தள்ளினார். அதற்குள் கூரை அவர்மேலேயே விழுந்துவிட்டது.

விதி என்று மேனேஜர் சற்றுமுன் சொன்னார். விதியா? நேற்று ஆஸ்பத்திரியில் சண்முகத்தாய் அழுதாள்: "நான் எளுத்துக்கூட்டி வாசிப்பேன்யா. பொதன்கெளமைன்னு இருந்தா தொட்டிருக்க மாட்டேன்யா." அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள், விதியென்று!

தோழர்களே, கண்ணீர் போதும். நாளும் கிழமையும் எழுதாத வாளியை நாளை முதல் தொடுவீர்களா?

அதோ, பஞ்சம்மாள் எழுந்து நின்று சொல்கிறார்: "தொட மாட்டோம்! சீசனாவது, லோடாவது, ஒருத்தியும் தொட மாட்டோம்!"

கேட்டீர்களா, மேனேஜர் அவர்களே? அம்மையார் படத்துக்கென்று கொண்டுவந்த அந்த மாலையை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நாளைக் காலை கம்பெனி கேட்டுக்குப் பெயிண்ட் டப்பாவோடு வாருங்கள்.