செத்தவர் சிங்கப்பூர் போகிறார்

சுதந்திரம் கிடைத்த புதிது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் செத்துட்டேனே ரோஸி! என்னை எப்படி சிங்கப்பூர் கூட்டிட்டுப் போவாங்க?" என்றார் அவர்.

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

அவர் நடிகர் என்பது பேச்சில் தெரிந்தது. மைசூரில் எடுத்த ஒரு சிரிப்புப் படத்தில் ஒரு எஜமான் வீட்டுச் சமையல்காரராக வந்து, கடைசியில் கிணற்றில் விழுகிறாராம். படம் நன்றாக ஓடியதால், இரண்டாம் பாகத்தை சிங்கப்பூருக்கே போய் எடுக்கப் போகிறார்கள்.

"இதை விட்டா எனக்கு வேற வேஷமும் இல்லை."

"நீங்க செத்ததை யாருங்க பார்த்தாங்க?"

"கிணத்துல விழுந்தேனே!"

"விழுந்தீங்க. பொணத்தைக் காட்டினாங்களா?"

அவர் யோசித்தார். "காட்டலை."

"அப்புறம் என்ன? ஏறி வந்து, பொண்டாட்டிக்குப் பயந்து கப்பல் ஏறிட்டீங்க. சிங்கப்பூர் ஓட்டல்ல எஜமான் ரசத்தை வாயில வச்சதும், 'ஐயோ, இது நம்ம ஆளு ரசமாச்சே'ன்னு அலறுறார்!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"நாளைக்கு டைரக்டர்கிட்ட சொல்லிப் பார்க்கறேன்."

"இன்னிக்குத்தானே ஸ்டூடியோவுல உக்காந்து கதை எழுதறாங்க?" ஜன்னலில் ஸ்டூடியோ தெரிந்ததும் அவள் எழுந்து கண்டக்டரிடம் கன்னடத்தில், "நில்சி, நில்சி!" என்றாள். "நானும் வரேன். தனியாப் போனா நீங்க தலையாட்டிட்டு வந்துடுவீங்க."

இருவரும் இறங்கினார்கள். ஸ்டூடியோ வாசலில் அவள் காவலாளியிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கதவைத் திறந்துவிட்டான்.