தோசை ஊற்றும் கை

“எல்லா வீடியோலயும் உன் கைதான் தெரியுது. தோசை ஊத்தறது யாருன்னு கேட்டுக்கினே இருக்கறாங்க. ஒருவாட்டி மூஞ்சிய காட்டேன்.”

திருப்பதி ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவன் தன் மனைவியிடம் சொன்னான். புத்தூரில் சின்னதாக ஹோட்டல் நடத்துகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. விளம்பர வீடியோக்களை அவனே செல்போனில் எடுக்கிறான்.

“நகரியில நைனா பாத்துட்டா?” அப்பாவைத்தான் அப்படிச் சொன்னாள்.

“பாத்தா இன்னா? நாம கல்யாணம் கட்டிக்கினு ஆறு வருசமாச்சு.”

“‘அவங்கூட ஓடிப்போனா சோத்துக்கு அலைவே’ன்னாரு. அதான் அவரு எங்கிட்ட கடைசியா பேசனது.”

அவன் போனை அணைத்துவிட்டான். ரேணிகுண்டாவில் ரயில் நின்றபோது அவள் சொன்னாள்.

“நாளைக்கு எடு. ஊத்தறப்ப வேணாம். நான் உக்காந்து துன்றப்ப எடு.”