அசைவு இருந்தால் மட்டும்

உங்கள் ஸ்டேஷன் வாசல் கேமராவை யார் மாட்டினார்கள் என்று தெரியவில்லை, மேடம். ஜன்னலைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறார்கள். காலையில் வெயில் ஏறியதும் உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கரி பூசின உருவமாகத்தான் தெரிவார்கள். திருடனும் தெரிய மாட்டான், திருட்டுக் கொடுத்தவனும் தெரிய மாட்டான். அதைக் கழற்றி ஜன்னல் இருக்கிற சுவரிலேயே மாட்டி, உள்பக்கம் பார்க்க வைத்தால் போதும். வெளிச்சம் எப்போதும் கேமராவின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. யாரிடமாவது சொல்லிச் செய்யுங்கள்.

அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கும் அவசரம் இல்லை. இனிமேல் யாரும் எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். கடையில் போய்க் கேட்டால் ரெடிமேடாக ஒரு பெட்டி கொடுப்பார்கள். நாலு வயரைச் செருகினால் படம் வந்துவிடும். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஸ்டம்தான் எனக்குச் சரிப்படும். ஹார்ட் டிஸ்க்கை வேண்டிய அளவுக்குப் போட்டுக்கொள்ளலாம். எந்த கேமரா எப்போது பதிய வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். யார் யார் பார்க்கலாம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். நாமே என்றால் மாட்டுகிறவர். வீட்டுக்காரர் அந்த இடம் வரும்போது தலையை ஆட்டிவிட்டு டீ போடச் சொல்ல எழுந்துவிடுவார். படம் பளிச்சென்று இருக்கிறதா என்றுதான் எல்லாருக்கும் கவலை. யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. என் மாப்பிள்ளை கேட்டார்.

"மாமா, இத நாங்க ரெண்டு பேர் தவிர வேற யாராவது பாக்க முடியுமா?"

"உங்க வீட்ட வேற யாரு மாப்ள பாக்கப் போறா?" என்றேன்.

கேள்விக்குக் கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். பொய் என்று ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு அம்மா கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இரட்டைச் சடை பின்ன நான்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயுமாக அவள் வெகுநாள் பள்ளிக்கூடம் போனாள். கிண்டல் செய்தார்கள் என்று அழுதுகொண்டு வருவாள், ஆனால் மறுநாள் காலையில் சீப்போடு என் முன்னால்தான் வந்து உட்காருவாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். அவளும் நல்ல இடத்துக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு குறை சொல்ல முடியாது. மருந்துக் கம்பெனி வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். அடுத்த தெருவில் ஒரு வீடு திருட்டுப் போனதும் அவரே, "கேமரா மாட்டிக் குடுங்க மாமா" என்றார். நான் கேட்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சமையலறை வாசலில் ஒன்று, பின்கதவில் ஒன்று, ஹாலில் ஒன்று. படுக்கையறைப் பக்கம் போகவில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு. ஹாலில் இருப்பது உயர்ந்த ரகம், ஒலியும் பதியும். அதை ஆள் கைக்கு எட்டாமல் கூரையை ஒட்டி மாட்டினேன். கம்ப்யூட்டரைப் பரணில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். கரண்ட் போனாலும் ஓடுவதற்கு பேட்டரி. சாவி என்னிடம். திருடன் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான் என்பதால் இப்படிச் செய்வது வழக்கம்.

இருபத்து நாலு மணி நேரமும் பதிந்தால் டிஸ்க் சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைப்போம். யாராவது நடந்தால், கையை அசைத்தால் பதிவு தொடங்கும். அசைவு நின்றால் பதிவும் நின்றுவிடும். ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடுவதற்கெல்லாம் பதிந்துகொண்டிருக்கக் கூடாது என்று, சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதபடி திருத்தி வைத்தேன். அசைவு தெரிந்ததும் போனுக்கு ஒரு மணியடிக்கும். மாப்பிள்ளை சில நாள் பார்த்துவிட்டு, "மீட்டிங்ல மானம் போகுது மாமா" என்றார். அவர் போனுக்குப் போவதை நிறுத்தினேன். என் போனுக்கு வருவதை நிறுத்தவில்லை.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் அங்கே சாப்பிட உட்காரும்போது நானும் இங்கே தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அவள் சிரித்தால் சிரிப்பேன். அவள் கை கழுவப் போனால் நானும் எழுந்து போவேன். சேர்ந்து சாப்பிட்ட மாதிரியே எனக்கு இருக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? தனியாக இருக்கிற மனிதன் டிவி பார்ப்பதில்லையா?

என் வாய்தான் கெடுத்தது. ஒருநாள் போனில், "நேத்து ஏம்மா சாப்பாட்ட அப்படியே மூடி வச்சிட்டுப் படுத்துட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு யாருப்பா சொன்னா?" என்றாள்.

"குரல்லயே தெரியுதும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். அதை மாற்றுவதற்கும் அவர் என்னைத்தான் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார், பாவம். அவர் கண் முன்னாலேயே அவருடையதை மாற்றிக் கொடுத்தேன். என்னுடையதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அவள் என் மகள் அல்லவா, விடவில்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லாத ஒரு நாள் ஹாலில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு, வயிற்றுவலி உயிர் போகிறது, எழுந்திருக்கக்கூட முடியவில்லை என்று யாரிடமோ சொன்னாள். நான் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி இறங்கி, மாத்திரை வாங்கிக்கொண்டு பறந்து போனேன். கதவைத் திறந்தவள் நன்றாகத்தான் நின்றாள்.

"நான் யார்கிட்டயும் பேசலப்பா. போன் ஆஃப்ல இருந்துச்சு."

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தில் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம் இருந்தது. தெருவில் போகிற எவனோ அவளைத் தொட்டுவிட்ட மாதிரி துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என்னிடம், மேடம். சடை பின்னிவிட்டவனிடம்.

"எல்லாத்தையும் கழட்டிட்டுப் போங்க. அப்புறமா என்கிட்ட பேசுங்க" என்றாள்.

கழற்றுகிறேன் என்றேன். இந்த வாரம் ஆள் இல்லை, அடுத்த வாரம் வேலை நெருக்கடி என்று தள்ளிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை இரண்டு பக்கமும் அடி வாங்கினார். "வந்து கழட்டிடுவார்மா, மாமா மனசு நோகாம பாத்துக்கலாம்" என்று அவளிடம் சொல்வார். நானே கேட்டிருக்கிறேன். நல்ல மனுஷன் என்று சொன்னேனே. அவளோ சமையலறையில் இருந்ததையும் பின்கதவில் இருந்ததையும் துணியால் சுற்றிவிட்டாள். ஹால் கேமரா மட்டும் அவளுக்கு எட்டவில்லை. மாதக்கணக்கில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, போன் எடுக்கவில்லை. எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஹால் ஒன்றுதான். அதிலும் ஒரு நாள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம், அப்பாவுக்கு விலாசம் சொல்ல வேண்டாம் என்று அவள் மாப்பிள்ளையிடம் சொன்னது கேட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட நாள்.

காலையில் போன் மணியடித்தது. பார்த்தால், நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்கிறாள். கையில் ஒரு துண்டு. என்னை மூட வந்திருக்கிறாள். அத்தனை கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. இளைத்திருந்தாள். ஸ்டூல் நழுவியது. பின்மண்டை மேஜை விளிம்பில் பட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் விழுந்தாள்.

மறுபடி என்னைச் சோதிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தரையில் ரத்தம் பரவியது. அதற்கப்புறம் அப்படி நினைக்கவில்லை. நினைத்தேன் என்று சொல்லி உங்களிடம் தப்பிக்கலாம். நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள், எதற்குப் பொய்?

மாப்பிள்ளை விமானத்தில் இருந்தார். அவள் விழுந்தது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு டீச்சர் நம்பர் என்னிடம் இருந்தது, அவர்கள் வீட்டிலும் நான்தான் மாட்டியிருந்தேன். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் டீச்சர் முதலில் என்ன கேட்பார்கள்? உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான். ஆம்புலன்ஸ்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். பிழைத்து எழுந்ததும் அவளும் அதையேதான் கேட்பாள். அதோடு எல்லாம் முடிந்தது. அவள் பிழைப்பாள், நான் அவளை இழந்துவிடுவேன். உட்கார்ந்து நிதானமாக யோசித்ததில் வேறு ஒரு வழி தெரிந்தது. நான் தற்செயலாகப் போக வேண்டும். கேமராவைக் கழற்ற வந்த அப்பா, மகள் விழுந்து கிடப்பதைப் பார்க்கிறார், அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். அவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன். அப்புறம் அவளால் என்னை ஒதுக்க முடியுமா? நல்ல சந்தர்ப்பம் என்றே தோன்றியது.

கழற்ற வந்தவன் என்றால் ஏணி வேண்டும். ஏணி வேறொரு வீட்டில் கிடந்தது. அங்கே போனால் அவர்கள் பூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். வரும்வரை வேனில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், மறுத்தால் சந்தேகம் வருமே என்று குடித்தேன். ஏணியை வேன் மேல் கட்டினேன். சட்டை அழுக்காக இருந்தது, போகிற வழியில் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டேன். நீங்கள் எல்லாரும் அந்தச் சட்டையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இத்தனை மாதம் கழித்து மகளைப் பார்க்கப் போகிறேன், அழுக்குச் சட்டையோடா போவது?

மணியை அழுத்திவிட்டு ஒழுங்காகக் காத்திருந்தேன். "பாப்பா, கேமராவக் கழட்ட வந்திருக்கேன்மா" என்று டீச்சருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தேன். எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. டீச்சர் தன்னிடம் இருந்த சாவியோடு வந்து, "காலையிலேர்ந்து சத்தமே இல்லையேன்னு நானும் நெனச்சேன்" என்று பூட்டில் சாவியை நுழைத்தார்கள். அப்போதுதான் என் வாய் மறுபடி முந்திக்கொண்டது.

"மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க டீச்சர்" என்றேன்.

கதவு இன்னும் திறக்கவில்லை. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது கவனிக்கவில்லை. அது அவர்கள் உங்களிடம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

உடம்பு அப்போதே குளிர்ந்திருந்தது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும் என்கிறீர்கள். சாப்பிட்டாரா என்று யாராவது கேளுங்கள், தனியாக விட்டால் பட்டினி கிடப்பார்.

எல்லாம் பதிவில் இருக்கிறது, நான் எதையும் அழிக்கவில்லை. அவள் அசைந்தபோது மட்டும் பதிந்ததால் துண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டுகளில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்ப்பாள். போகப் போகத் துண்டுகள் சின்னதாகிவிடும், இடைவெளி பெரிதாகிவிடும். கடைசியாக ஒன்று, அதற்கப்புறம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் கொஞ்சம் அசைந்திருக்கலாம். திரைச்சீலை அளவுக்கான அசைவை வேண்டாம் என்று நான்தான் தள்ளி வைத்திருந்தேன்.

மகளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கடைசித் துண்டில் அவள் முகத்தைத் திருப்பி, கேமராவை நேராகப் பார்த்து, "அப்பா" என்கிறாள். ஏணியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது போனில் கேட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான் அவள் உதவிக்குக் கூப்பிட்டாள், நான் கேட்டும் முடிச்சை முழுசாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன் என்று உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் கத்துகிறார். அவர் வயசு அப்படி. நீங்கள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் நான் அதைத் தினமும் கேட்டிருக்கிறேன். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்து நீங்களே கேட்டுப் பாருங்கள், மேடம். குரலில் கோபமே இல்லை. அத்தனை மாதம் பேசாமல் இருந்தவள் அன்றைக்கு என்னோடு ராசியாகிவிட்டாள்.