கூடுதல் மூன்று கிலோமீட்டர்

டயர் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் அழகுக்காகத்தான் வருகிறார்கள், மேடம். ரப்பர் குறைவாகத் தெரிந்தால் வண்டி மிடுக்காக இருக்கும் என்று ஓர் எண்ணம். தல்லாகுளத்தில் கடை போட்ட நாளிலிருந்து நான் யாரையும் தடுத்ததில்லை. ஆனால் விளக்கிச் சொல்லிவிடுவேன். டயரின் பக்கச் சுவர் குட்டையானால் வளைவில் வண்டி ஆடாது. பள்ளத்தில் விழும் அடி மட்டும் நேராக இடுப்புக்கு வரும். இன்னொன்றும் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அதே ரிம்மில் குட்டை டயர் போட்டால் மொத்தச் சக்கரமே சிறுத்துவிடும். அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மீட்டருக்குச் சாலை தெரியாது, சுற்றுகளைத்தான் எண்ணும். ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

சுபலட்சுமி வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் போய் வந்தாள். மாலையில் நான் பைக்கோடு நிறுத்தத்தில் நிற்பேன். இறங்கும்போதே அவளுக்குக் கண் சொருகியிருக்கும். பின்னால் உட்கார்ந்து என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "வீடு வந்ததும் எழுப்புங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

பிறகு தன் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு கார் வாங்கினாள். அதன்பின் அவள் களைத்து வரவில்லை, பாடிக்கொண்டு வந்தாள். பள்ளியில் யார் என்ன சொன்னார்கள் என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்தக் கதைகள் ஒன்றிலும் நான் இருக்க மாட்டேன். ஒருநாள், தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வரும்போல இருக்கிறது என்றாள். "எங்க தூக்கிப் போட்டா என்னங்க, கார்தான் இருக்கே" என்றாள்.

அந்த வாரம் அவள் வண்டிக்குப் புது டயர் மாட்டிக் கொடுத்தேன். அதே அகலம், அதே ரிம். பக்கச் சுவர் மட்டும் ஒரு விரல்கடை குட்டை. "பளபளன்னு இருக்குங்க" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

பள்ளிக்குப் போக வர ஐம்பது கிலோமீட்டர். அவளே எல்லோரிடமும் சொல்வாள். இப்போது மீட்டர் ஐம்பத்து மூன்று காட்டியது. வேகத்தையும் அது கூட்டிக் காட்டியதால், வழக்கமான வேகம் என்று நினைத்துக்கொண்டு அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். வீட்டுக்கு வரவும் கொஞ்சம் பிந்தியது.

நான் குற்றம் சாட்டவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் இருந்தபோது கேட்டேன்.

"சுபா, வண்டி மூணு கிலோமீட்டர் கூட ஓடியிருக்கே. எங்கயும் போனியாம்மா?"

"இல்லையே. நேரா வீட்டுக்குத்தான வாரேன்."

"சரிம்மா" என்றேன்.

மீதியை என் அம்மா அழகம்மாள் பார்த்துக்கொண்டார்.

"நேரா வந்தவளுக்கு மூணு கிலோமீட்டர் எப்பிடித்தா கூடும்? காருக்குக் கால் மொளச்சு அதுவா காத்து வாங்கப் போச்சாக்கும்?"

"மீட்டர்ல ஏதோ கோளாறு அத்தை."

"கட்டுனவன் டயர்க்கடை வச்சிருக்கான். அவனுக்குத் தெரியாத கோளாறு வாத்தியாரம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு."

நான் அம்மாவை அதட்டினேன். சுபா என்னை நன்றியோடு பார்த்தாள். செல்போன் மேப்பைக் காட்டி, தூரம் ஐம்பதுதான் என்றாள். "போன எங்கயாச்சும் வச்சிட்டுப் போயிருப்ப" என்று அம்மா முடித்துவிட்டார்.

பேச்சு வண்டியூரில் இருக்கும் மாமனார் காளை காதுக்குப் போனது. பதறிக்கொண்டு வந்தார். "மீட்டரச் சோதிச்சுப் பாத்துருவோம் மாமா" என்று நானேதான் சொன்னேன். சனிக்கிழமை வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பழைய டயர்களையே திரும்ப மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவை முன்னால் உட்கார வைத்து, சுபாவைப் பின்னால் உட்கார வைத்து, பள்ளி வரை போய்த் திரும்பினோம்.

"அம்பதுதான் காட்டுது மாப்ள" என்றார் மாமா.

"விடுங்க மாமா. நான் எதுவும் நினைக்கல."

திங்கட்கிழமை விடியுமுன் குட்டை டயர்களை மறுபடி மாட்டிவிட்டேன். அன்று மாலை ஐம்பத்து மூன்று. சுபா வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் இல்லையா, மனிதர்களை நம்பாவிட்டாலும் எண்களை நம்புவாள்.

"என்னங்க, எனக்கே தெரியாம நான் எங்கயாச்சும் போயிட்டு வாரேனோ?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கலாம்மா. யார்ட்டயும் சொல்லாத. நான் இருக்கேன்" என்றேன்.

ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று மாமா அவளைத் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். சூடத்தை ஏற்றி வைத்தார்.

"நேரா பள்ளிக்கூடம், நேரா வீடுன்னு சொல்லி அணைச்சிரு ஆத்தா. அம்புட்டுத்தான். ஒருத்தன் வாயத் தொறக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

சுபா கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள்.

"நிச்சயமாத் தெரியாம எப்பிடிப்பா சத்தியம் பண்ணுவேன்? ஆத்தா முன்னால பொய்யாயிட்டா?"

சூடம் தானாகவே எரிந்து அணைந்தது. மாமா அவளைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். தப்புச் செய்தவளாக இருந்தால் பட்டென்று அணைத்திருப்பாள், மேடம். என் மனைவியால் அது முடியாது என்று எனக்குத் தெரியும். அன்று அவளை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அவள் வேலையை விட்டாள். இனி அந்த வண்டியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றாள். விற்றுத் தருவதாக மாமா எடுத்துப் போனார். டயரை மாற்றி வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், தோன்றவே இல்லை. வழியில் பஞ்சர். டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்திருக்கிறார். அது கம்பெனி கொடுத்த பழைய அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். டிராக்டர் ஓட்டியவர், புரிந்துகொண்டார். உங்களிடம் வருவதற்கு முன் இரண்டு டயரையும் உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். மகள் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "எனக்காக நீங்க பொய் சொல்லாதீங்கப்பா. அவரு பாவம்" என்றாள்.

அவர் எழுதிக் கொடுத்த புகாரில் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. டயர் மாட்டியது நான். கழற்றியது நான். மறுபடி மாட்டியதும் நான்.

ஒன்றே ஒன்று. விளக்கு வைக்கும் நேரமாகிறது. இந்நேரம் அவள் வாசலுக்கு வந்து, "இன்னைக்கு நான் எங்கயாச்சும் போனேனாங்க?" என்று கேட்பாள். "இல்லம்மா, வீட்டுலதான் இருந்த" என்று நான் சொன்னால்தான் சாப்பிடுவாள். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டாள். போலீஸ்காரர் ஒருவரை என்கூட அனுப்புங்கள், சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அவளைப் பெற்றவரே சந்தேகப்பட்டார், மேடம். ஒருநாள்கூடச் சந்தேகப்படாதவன் நான் ஒருவன்தான்.