கீழே நகராத பக்கம்

பக்கம் ஆடினால் எனக்குப் பிடிக்காது. மருத்துவமனைக்காக நான் செய்த மருந்துக் குறிப்பு இணையப் பக்கம் ஆடியது. போனில் விரல் வைத்ததும் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் நகர்ந்து திரும்பும். எந்தப் பெட்டி அகலமாகிவிட்டது என்று தேட எனக்குப் பொறுமை இல்லை. திரையைத் தாண்டுவதை மறைத்துவிடு என்று, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் கோப்பில் ஒரே வரி எழுதினேன். ஆட்டம் நின்றது. அகலத்துக்கு மட்டும் எழுதியிருக்க வேண்டும். உயரத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்; திரைக்குக் கீழே இருப்பதும் மறைந்துபோனது, தள்ளினாலும் வராது.

சின்னப் பக்கம், பெரும்பாலான போன்களில் ஒரே திரைக்குள் அடங்கிவிடும். அதனால் எங்கள் அலுவலகத்தில் பக்கங்களைச் சோதிக்கும் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

"தம்பி, எங்கம்மா போன்ல எழுத்தைப் பெருசாக்கி வெச்சிருக்கேன். உன் பக்கம் பாதியில நின்னுடுது, கீழ போகவே மாட்டேங்குது. அம்மா அதைப் பாத்துதான் மாத்திரை எடுக்கணும்."

"என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுதுக்கா," என்றேன். அவள் போனதும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நின்றது. கடைசி வரி தெரியவில்லை. அதில் சொல்லியிருந்த இரண்டு மாத்திரைகளையும் ஒன்றாகப் போடக்கூடாது என்ற வரி அது.

அவள் அடிக்கடி என் தப்பைக் கண்டுபிடித்துச் சிரிப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு மனமில்லை. "சரி பண்ணிட்டேன்க்கா," என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். என்றும் மறுபடி சோதிக்காமல் விடாதவள், அன்று என்னை நம்பிவிட்டாள்.

ஞாயிறு காலை அவள் அம்மா இரண்டு மாத்திரைகளையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். மதியம் செய்தி வந்தது. வீட்டிலிருந்தபடியே, ஸ்டைலில் நான் எழுதிய அந்த வரியை நீக்கினேன். இரண்டு நிமிட வேலை.

சடங்குகள் முடிந்து அக்கா அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள். பக்கம் வெண்ணெய்போல வழுக்கி நகர்ந்தது. "கடைசி வரைக்கும் படிக்கவே இல்ல தம்பி. எப்பவும் அவசரம். சொன்னா கேட்டாத்தானே," என்று செத்துப்போனவரைத் திட்டினாள். நான் தலையாட்டினேன். இன்றும் டீ குடிக்கும்போது திட்டுகிறாள். இன்றும் ஆட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆட்டுகிறேன்.

யார் எங்கே விரல் வைத்தார்கள் என்பதையும் அந்தப் பக்கம் குறித்துவைக்கும். இதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. ஞாயிறு காலை, ஒரே போன், ஒரே இடம், விரல் கீழிருந்து மேலே நாற்பத்தொரு தடவை தள்ளியிருந்தது. அதையும் அழித்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அம்மா படிக்கத்தான் பார்த்தார். நான்தான் விடவில்லை.