பதினோரு விநாடி

கைபேசியை நேராகப் பிடிக்க எனக்கு வராது, ஐயா. நான் எடுக்கும் படங்களில் யாருடைய தலையாவது வெட்டுப்பட்டிருக்கும். எங்கள் தெருப் பெண்கள் அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

ஸான்சிபாரில் நாங்கள் தாரப் கச்சேரிக்குப் போவது பாட்டுக்காக மட்டுமல்ல. எவள் எந்த வரிக்கு எழுந்துபோய்ப் பாடகிக்குப் பணநோட்டு நீட்டுகிறாள் என்று பார்க்கவும்தான். எந்த வரியில் நீட்டுகிறாளோ, அது அவளே வாய்விட்டுச் சொன்ன மாதிரி.

அன்று பாடகி, "தாயில்லாதவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியே தாய்" என்று பாடினாள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ஸுஹுரா எழுந்து என் கையைப் பிடித்தாள்.

"வாங்க பீபி மோஸா, இது உங்களுக்குத்தான். சேர்ந்து போவோம்."

"நீ போடி. எனக்கு முட்டி வலி."

பின்வரிசையில் சிரித்தார்கள். தாய் என்றால் கிழவி என்றுதானே பொருள்? வேறெதற்கு அத்தனை பேர் முன்னால் கையைப் பிடிக்கிறாள்?

கூட்டத்தை விலக்கி அவள் மேடைக்குப் போவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது: "கடலுக்குப் போனவனுக்குத் தண்ணீர், கரையில் இருப்பவனுக்கு மீன்." அவள் கணவன் மகாமே அப்போது பாய்க்கப்பலில் மொம்பாசா போயிருந்தான்.

முன்பகுதியில் அவள் என் கையைப் பிடித்த பதினோரு விநாடியை வெட்டிவிட்டுத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. குறைத்தேன், அவ்வளவுதான்.

"அடியே, நோட்டு நீட்டறப்ப அந்தச் சிரிப்பப் பாரு!"

"மகாமேவுக்குத் தண்ணிதானாம், பாவம்!"

மொம்பாசா வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான்காம் நாள் மதியம் அவன் என் வாசலில் நின்றான்.

"பீபி, இதுக்கு முன்னாடி ஏதாச்சும் எடுத்தீங்களா? உங்க கையப் பிடிச்சுக்கிட்டுதான் எந்திரிச்சேன்னு அவ சத்தியம் பண்றா."

"இல்லப்பா. எடுத்தது இவ்வளவுதான்."

நன்றி சொல்லிவிட்டுப் போனான். மரியாதை தெரிந்தவன்.

அந்தப் பதினோரு விநாடியை நான் அழிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அவள் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. என் கைதான் சுருக்கம் சுருக்கமாகத் தெரிகிறது. அதை எப்படி நாலு பேருக்குக் காட்டுவது?

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அன்று இரவு அவன் அவளை அடித்தது காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை "அம்மா" என்று கூப்பிட்டாள். அப்புறம் சத்தமில்லை. நீங்கள் போலீஸ் வண்டியில் வந்து அவளைப் போர்த்தி எடுத்துப்போனபோது நானும்தான் வாசலில் நின்றேன்.

தாயில்லாதவள் வேறு யாரைக் கூப்பிட்டிருப்பாள் என்று கேட்கிறீர்கள். நான் பிள்ளை பெற்றவள் இல்லை, ஐயா. என்னைத்தான் கூப்பிட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?